போன தடவை கல்யாணம்னீங்க

என் அத்தை பொய் எழுதியிருக்கிறார்.

சென்ற மாதம் நம் சபைப் பத்திரிகையில் மூத்த அங்கத்தினர் என்று அத்தையின் படத்தைப் போட்டு அவருடைய விசுவாச சாட்சியை வெளியிட்டிருந்தார்கள். படித்திருப்பீர்கள். அதில் ஒரு வரி. "என் அண்ணன் மனைவி சித்தம் கலங்கி, பெற்ற பிள்ளையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். ஆண்டவர் அந்தப் பிள்ளையை என் கையில் கொடுத்தார்."

அந்தப் பிள்ளை நான். என் அம்மாவுக்குச் சித்தம் கலங்கவில்லை. அவள் என்னைப் போட்டுவிட்டுப் போகவும் இல்லை.

ஞாயிறு பள்ளி நாட்களைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று பத்திரிகைக்காரர்கள் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இதோ எழுதிவிட்டேன். எனக்கு இனிமையாக எழுத வராது. வெட்டாமல் போடுங்கள்.

இதை நான் எழுதுவது இப்போதைய இளைஞர்களுக்கு அல்ல. அவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாது, பாட்டைக் கன்னடத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். நான் எழுதுவது உங்களுக்கு. பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் என்னோடு உட்கார்ந்து, பிரசங்கம் நடக்கும்போது காணிக்கைக் காசைத் தரையில் சுழற்றி விளையாடியவர்களே, உங்களுக்கு. இப்போது நம் எல்லோருக்கும் முட்டி வலி, சர்க்கரை. பாதிப் பேர் விஜயநகரில் பிள்ளைகள் கட்டிய வீட்டு மாடியில் இருக்கிறோம். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். திரும்பிப் பார்த்தீர்கள்.

முதலில் இருந்து சொல்கிறேன்.

அப்பா ரயில்வே ஒர்க்ஷாப்பில் பிட்டர். அம்மாவைத் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்தார். அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, கல்யாணம் ஆகாதவர், எங்களோடு இருந்தார். வாரநாளில் பள்ளிக்கூட வேலை, ஞாயிற்றுக்கிழமை ஞாயிறு பள்ளி டீச்சர். உங்களுக்கும் அவர்தான் டீச்சர். மனப்பாட வசனம் தப்பினால் காதைத் திருகுவார், நினைவிருக்கும்.

எனக்கு ஐந்து வயதாக இருக்கும்போது தம்பி இறந்தே பிறந்தான். அதன் பிறகு அம்மா பேசவில்லை. சமைத்தாள், துவைத்தாள், எனக்குத் தலை பின்னினாள், ஆனால் பேசவில்லை. மூன்று மாதம் பார்த்தார்கள். பிறகு ஒரு நாள் காலையில் அத்தை அம்மாவுக்குக் கல்யாணப் பட்டைக் கட்டிவிட்டார். தலை நிறைய மல்லிகை வைத்தார். பெங்களூரில் ஒரு கல்யாணம், போய்விட்டுச் சாயங்காலம் வந்துவிடலாம் என்று அப்பா சொன்னார். அம்மா அந்தப் பட்டின் மடிப்பைத் தானே ஒருமுறை சரி செய்துகொண்டாள். கல்யாணத்துக்குப் போகிறவள் செய்கிற மாதிரியே.

மறுநாள் அப்பாவும் அத்தையும் மட்டும் திரும்பி வந்தார்கள். அம்மாவை அங்கே மனநல ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

நான்கு மாதம் கழித்து அம்மா வந்தாள். பேசினாள். சிரித்தாள்கூட. எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஒரே ஒரு மாற்றம்தான். எங்கே கிளம்பினாலும் மூன்று கேள்வி கேட்பாள். எங்க போறோம்? யார் யார் வர்றாங்க? எப்ப திரும்பி வருவோம்? தேவராஜா மார்க்கெட்டுக்குப் போனாலும் கேட்பாள். பதில் வந்த பிறகுதான் செருப்பைப் போடுவாள்.

அப்பாவுக்கு அது வேடிக்கை. "போலீஸ் ஸ்டேஷன்லகூட இம்புட்டுக் கேக்க மாட்டான்டி" என்பார்.

"அவன் கேக்காட்டி பரவாயில்ல. நான் கேப்பேன்" என்பாள் அம்மா.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பத்து வயதான தசரா விடுமுறை.

அந்த வருடம் அம்மா அடிக்கடி காற்றைப் பற்றிப் பேசினாள். "இந்த ஊர்க் காத்து உடம்புல ஒட்டவே மாட்டேங்குது பாப்பா. எங்க ஊர்க் காத்து ஒட்டும். நக்கிப் பாத்தா உப்புக் கரிக்கும்." கல்யாணமாகி வந்த பிறகு அவள் கடலைப் பார்க்கவில்லை. அவளுடைய அக்காவையும், என் பெரியம்மாவை, பன்னிரண்டு வருடமாகப் பார்க்கவில்லை. கடிதம் மட்டும் வரும். அதை அரிசி டப்பாவில் வைத்திருப்பாள். பிரித்தால் தவிட்டு வாசனை அடிக்கும்.

அப்பா இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஒரு நாள் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் போனார். பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். ரயில்வே பாஸ். அதில் அப்பா பேர், அம்மா பேர், என் பேர்.

"கடலுக்குப் போறோம் பாப்பா. பெரியம்மா வீட்டுக்கு. பதினைஞ்சு நாள். அம்மாட்ட மூச்சு விடக் கூடாது."

"ஏம்ப்பா?"

"திடீர்னு கொண்டுபோய் நிறுத்தணும். கடலைப் பாக்குறப்ப அவ மூஞ்சியை நான் பாக்கணும்."

வீட்டுக்கு வந்ததும் வேதாகமத்தின் மேல் என் கையை வைக்கச் சொன்னார். வைத்தேன்.

அப்பா கெட்டவர் இல்லை. அவர் அந்தப் பயணத்துக்காக மூன்று மாதம் ஓவர்டைம் செய்தார். ஞாயிற்றுக்கிழமை வெற்றிலையை விட்டார். ஆனால் இவ்வளவு யோசித்த மனிதர் ஒன்றை யோசிக்கவில்லை. சொல்லாமல் கூட்டிக்கொண்டு போவது என்றால் அம்மாவுக்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கவில்லை. முப்பது வருடம் நர்ஸாக வேலை பார்த்தேன். ஸ்ட்ரெச்சரைத் தள்ளும் முன் எங்கே கொண்டுபோகிறேன் என்று நோயாளியிடம் சொல்லாமல் நான் ஒரு நாளும் தள்ளியதில்லை. மயக்கத்தில் இருந்தாலும் சொல்வேன். மற்ற நர்ஸுகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ரகசியம் வீட்டுக்குள் நாற ஆரம்பித்தது. அப்பா அம்மாவுக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கினார். கடல் மணலில் தோல் செருப்புக் கெட்டுவிடும் என்று. அதைப் பச்சை டிரங்குப் பெட்டியின் அடியில் ஒளித்தார். அம்மா இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் அதே இடத்தில் வைத்தாள். நான் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் ரப்பர் செருப்புதான் கொடுப்பார்கள் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா ஒரு நாள் வேலிக்கு மேல் தலையை நீட்டி, "கோளி நானு நோட்கொள்தீனி, நீவு சிந்தெ மாட்பேடி" என்றார். கோழிகளை நான் பார்த்துக்கொள்கிறேன், கவலைப்படாதீர்கள் என்று. அப்பா அவரிடம் சொல்லி வைத்திருக்கிறார். அம்மா சிரித்துத் தலையாட்டினாள். உள்ளே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆனாலும் அவள் தாங்கியிருப்பாள். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் தாங்கியிருப்பாள்.

நம் சபையின் பழக்கம் உங்களுக்குத் தெரியும். தூரப் பயணம் போகிறவர்கள் ஜெபச் சீட்டு எழுதிக் கொடுக்காமல் போக மாட்டார்கள். செயலாளர் அதை மைக்கில் வாசிப்பார், போதகர் ஜெபிப்பார். பெயர் வேண்டாம் என்றால் "ஒரு குடும்பம்" என்று வாசிப்பார்கள். அப்பா அந்த ஜெபம் இல்லாமல் ரயில் ஏற மாட்டார். ரகசியமும் வேண்டும், ஜெபமும் வேண்டும். இப்படி ஒரு தப்பை நம் ஆட்கள்தான் செய்வார்கள்.

அப்பாவின் கையெழுத்தை அவராலேயே வாசிக்க முடியாது. அத்தையைத்தான் எழுதச் சொன்னார். "ஒரு குடும்பத்தின் பிரயாணம் நலமாய் அமைய. அம்புட்டுதான். வேற எதுவும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

அத்தை பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். அவர் எழுதி முடித்தார். பிறகு கொஞ்சம் யோசித்தார். நடுவில் ஒரு வரியை நுழைத்து எழுதினார். எட்டிப் பார்த்தேன்.

"அப்பா அது சொல்லலையே அத்தை."

"ஜெபம் ஒரு வார்த்தை கூடினா என்னடி, கொறஞ்சா போயிரும்? பென்சிலைச் சீவு."

ஞாயிறு காலை செயலாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். "ஒரு குடும்பத்தின் பிரயாணம் நலமாய் அமையவும், அக்குடும்பத்துச் சகோதரியின் மனச்சுகத்துக்காகவும், அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் காரியம் தடையில்லாமல் நடக்கவும் ஜெபிப்போம்."

பெயர் இல்லை. பெயர் எதற்கு? நம் சபையில் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த சகோதரி ஒருத்திதான். பெண்கள் பக்கம் முழுவதும் திரும்பியது. முதலில் பெரியவர்கள், பிறகு நீங்கள். ஆண்கள் பக்கம் அப்பா குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா முக்காட்டை நெற்றிவரை இழுத்துக்கொண்டாள். அவள் கை என் கையைப் பிடித்திருந்தது. நகம் உள்ளே இறங்கியது. நான் கையை எடுக்கவில்லை.

வெளியே வந்ததும் நான்கு பேர் வந்து அவள் தோளைத் தட்டினார்கள். "ஜெபிக்கிறோம் சிஸ்டர்." உங்கள் அம்மாக்கள்தான்.

அன்று மத்தியானம் அப்பா அத்தையிடம் சண்டை போட்டாரா, தெரியாது. போட்டிருந்தால் எனக்குக் கேட்கவில்லை. சாயங்காலம் தெருவில் தசரா ஊர்வல யானைகள் பயிற்சி நடை போய்க்கொண்டிருந்தன, நான் பார்க்க ஓடவில்லை. அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். உட்காரச் சொல்லவில்லை. நேருக்கு நேர் நின்றாள்.

"பாப்பா, எங்க போறோம்?"

"எங்கயும் இல்லம்மா."

"யார் யார் வர்றாங்க?"

"தெரியாதும்மா."

மூன்றாவது கேள்வியை அவள் கேட்கவில்லை. என் தலையை ஒருமுறை தடவிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

வேதாகமத்தின் மேல் கை வைத்தேனே, அதனால் சொல்லவில்லை என்று இத்தனை வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது முழு உண்மை இல்லை. ரகசியம் எனக்குப் பிடித்திருந்தது. அப்பா என்னைப் பெரிய மனுஷி மாதிரி நடத்தியது பிடித்திருந்தது. அத்தையைப் பற்றி எழுதுகிறவள் இதையும் எழுதத்தான் வேண்டும்.

புதன்கிழமை காலை கிளம்பினோம். அப்பா சிரித்துக்கொண்டே, "ஒரு எடத்துக்குப் போறோம், கிளம்பு" என்றார். அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்தாள். "அட, எதுக்கு இது?" என்றார் அப்பா. அவளுடைய பதில், "அன்னிக்கும் இதுதானே." அப்பாவுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. அத்தைக்குப் புரிந்திருக்கும். அவர் வாசலில் நின்று, "மதினி, தைரியமா போயிட்டு வாங்க" என்றார். கடலுக்குப் போகிறவளிடம் யார் தைரியம் சொல்வார்கள்?

சாமராஜநகர் வழியாக பஸ்ஸில் போயிருந்தால் அரை மணி நேரத்தில் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும், தமிழ்நாட்டுப் பக்கம் போகிறோம் என்று. நஞ்சன்கூடு தாண்டியதும் முகம் மாறியிருக்கும். ஆனால் பாஸ் ரயிலுக்குத்தான். ரயில் பெங்களூர் போய் மாற வேண்டும். அப்பாவுக்கு அது ஒரு ஜங்ஷன், அவ்வளவுதான்.

மண்டியா தாண்டியதும் அம்மா கைக்குட்டையை மடியில் விரித்தாள். இரண்டு வளையலைக் கழற்றினாள். கழுத்துச் சங்கிலியைக் கழற்றினாள், தாலியோடு. முடிந்து என் கையில் கொடுத்தாள். அப்பா கதவுப் பக்கம் நின்று யாரோடோ பேசிக்கொண்டிருந்தார்.

"உள்ள போறப்ப இதெல்லாம் வாங்கி வச்சுக்குவாங்க. திருப்பித் தர்றப்ப ஒண்ணு கொறையும். நீ வச்சுக்கோ. அத்தைகிட்ட குடுக்காத."

எனக்குப் பத்து வயது. அந்த இடத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. எங்கே போகிறோம் என்று அவள் நினைக்கிறாள் என்று முழுவதுமாகப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் போதும். இரண்டே வார்த்தை, கடலுக்கும்மா. அப்பா திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் முடிச்சைக் கவுனுக்குள் வைத்துக்கொண்டேன். மண்டியாவிலிருந்து பெங்களூர் வரை அந்த முடிச்சு வயிற்றில் குத்திக்கொண்டே வந்தது. இப்போதும் ரயிலில் அந்த வழியாகப் போனால் குத்துகிறது. அதனால் நான் போவதில்லை.

பெங்களூரில் இறங்கியதும் அம்மா தன் பையை எடுத்துக்கொண்டு வெளியே போகிற வழியில் நடந்தாள். நேராக. வழி தெரிந்தவள் மாதிரி. அப்பா ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தார். "அங்க இல்ல, இந்தப் பக்கம்!"

"கையை விடுங்க. நானே நடந்து வர்றேன். போன தடவை மாதிரி நாலு பேரு பிடிக்க வேண்டாம்."

அப்பாவின் சிரிப்பு நின்றது. அப்போதுதான் நின்றது. ஆட்கள் நடந்துகொண்டே பார்த்தார்கள். ஒரு போர்ட்டர் தலையில் பெட்டியோடு நின்றுவிட்டான்.

"ஏய், என்னடி சொல்ற? கடலுக்குப் போறோம்! உங்க அக்கா வீட்டுக்கு! உனக்குச் சொல்லாம கூட்டிட்டுப் போய்…"

அம்மா அவரைப் பார்த்தாள். கோபமே இல்லை. கடைக்காரன் செல்லாத நோட்டைத் திருப்பித் தருகிற மாதிரி சொன்னாள்.

"போன தடவை கல்யாணம்னீங்க."

அப்பா பாஸை எடுத்துக் காட்டினார். பெரியம்மாவின் கடிதத்தைக் காட்டினார். என்னைப் பிடித்து முன்னால் நிறுத்தி, "சொல்லு பாப்பா, சொல்லு" என்று உலுக்கினார். சொன்னேன். "கடலுக்குத்தாம்மா." அம்மா என் கன்னத்தைத் தொட்டாள். "ஞாயித்துக்கிழமை எங்கயும் இல்லைன்னியே கண்ணு" என்றாள்.

அவ்வளவுதான். அதன் பிறகு இரண்டாவது ரயிலில் ஏறினாள், இறங்கச் சொன்ன இடத்தில் இறங்கினாள், பஸ்ஸில் ஏறினாள். மறுநாள் மத்தியானம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியம்மா வாசலில் ஓடி வந்து கட்டிக்கொண்ட பிறகும் சுற்றும் முற்றும் பார்த்தாள், ஆஸ்பத்திரி ஆட்கள் யாராவது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார்களா என்று.

மூன்று நாள் அவள் கடல் பக்கமே போகவில்லை. அப்பா தினமும் கூப்பிட்டார். கடல் என்னவோ வீட்டின் பின்பக்கம்தான், சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான்காம் நாள் அவளே எழுந்து தனியாகப் போனாள். திரும்பி வந்தபோது புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. அப்பா ஆசைப்பட்ட அந்த முகத்தை யாரும் பார்க்கவில்லை.

வந்து வாசலில் நின்று அப்பாவிடம் சொன்னாள். "நான் அங்க வர மாட்டேங்க."

அப்பா அழுதார். என் முன்னால் அழுதார். காலில் விழவும் போனார். பெரியம்மா தடுத்துவிட்டார்.

"இங்க காலைல எழுந்தா நான் எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியும். அங்க தெரியாது. ஒண்ணு செய்யுங்க. சபையில அந்தச் சீட்டை வாசிச்ச எடத்துல நின்னு, என் பொண்டாட்டி கிறுக்கி இல்லைன்னு சொல்லுங்க. எல்லாரும் கேக்கணும். சொல்லிட்டு வந்து கூப்பிடுங்க, அடுத்த பஸ்ல வர்றேன்."

"பாப்பா?"

"பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு. கூட்டிட்டுப் போங்க. நீங்க சொல்றதுக்கு ஒரு மாசம் ஆகுமா? அதுவரைக்கும்தான்."

ஒரு மாதம் என்றுதான் அவள் நினைத்தாள். அத்தை, படிக்கிறீர்களா? அவள் என்னைப் போட்டுவிட்டுப் போகவில்லை. ஒரு மாதத்துக்கு அனுப்பி வைத்தாள்.

அப்பா சொல்லத்தான் நினைத்தார். வந்த முதல் ஞாயிறு சட்டைக்கு இஸ்திரி போட்டுத் தயாராக நின்றார். அத்தை வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணா, நாமளே எழுதிக் குடுத்ததை நாமளே இல்லைன்னு சொன்னா சபை சிரிக்காதா? அப்ப யாரு எழுதினான்னு கேப்பாங்க. என்னை நிக்க வைப்பியா? எனக்கு ஒரு வரன் வந்திருக்கு, தெரியும்ல?"

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். அடுத்த ஞாயிறும் போகவில்லை. அந்த வரன் கூடி வரவில்லை. அப்பாவும் எழுந்து நிற்கவில்லை.

ஒவ்வொரு மே மாதமும் என்னை அனுப்பினார். இப்போது பஸ்ஸில், சாமராஜநகர் வழியாக. அம்மா பஸ் நிற்கும் இடத்தில் காத்திருப்பாள். முதல் கேள்வி, "சொல்லிட்டாரா?"

"இல்லம்மா."

"சரி வா. சாப்பிடு."

ஏழு மே மாதம் கேட்டாள். எட்டாவது தடவை கேட்கவில்லை. நான் கொண்டுபோன வளையலையும் சங்கிலியையும் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை. பெரியம்மா வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். கருவாடு காயப் போட்டாள், தையல் மிஷின் வாங்கினாள். ஊர்க் கோவில் பாடகர் குழுவில் பாடினாள். அங்கே யாரும் அவளைச் சித்தம் கலங்கியவள் என்று சொன்னதில்லை. அப்பாவுக்குப் பிறகு பதினோரு வருடம் இருந்துவிட்டுப் போனாள். அப்பா கடைசிவரை அந்த ஞாயிறு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை அலமாரியில் மடித்து வைத்திருந்தார். மறுபடி போட்டுக்கொள்ளவே இல்லை.

அத்தை, நீங்கள் எனக்குச் சோறு போட்டீர்கள். டைபாய்டு வந்தபோது விழித்திருந்தீர்கள். நர்சிங் படிக்க உங்கள் சம்பளத்தில் கட்டினீர்கள். இதை நான் மறுக்கவில்லை, மறக்கவும் இல்லை. அதனால்தான் இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீங்களும் மூடிக்கொண்டிருந்தால் இப்படியே போயிருக்கும். ஆனால் நீங்கள் பத்திரிகையில் எழுதிவிட்டீர்கள். மண்ணுக்குள் போய்விட்டவளை மறுபடியும் கிறுக்கி என்று எழுதிவிட்டீர்கள்.

அன்று ஜெபச் சீட்டில் அந்த வரியை ஏன் எழுதினீர்கள்? அம்மா நல்லபடியாக இருக்க வேண்டும் என்ற ஆசையிலா? அப்பா மூன்று மாதம் வெற்றிலையை விட்டுக் காசு சேர்த்தது உங்களுக்குப் பொறுக்கவில்லையா? எந்தக் காரணமாக இருந்தாலும் எனக்கு வேண்டும். வீட்டில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுது சொல்லாதீர்கள். கேட்டுக்கொள்ள மாட்டேன். பத்திரிகைக்கு மறுப்பும் அனுப்பாதீர்கள்.

வருகிற ஞாயிறு அறிவிப்புகள் முடிந்ததும் சபையில் சொல்லுங்கள். படியேற முடியாது என்றால் மைக்கை உங்கள் நாற்காலிக்குக் கொண்டுவரச் சொல்லிப் போதகரிடம் கேட்டிருக்கிறேன். மூன்றாவது பெஞ்சுக்காரர்களே, நீங்களும் வாருங்கள். முட்டி வலி என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். அன்று திரும்பிப் பார்த்தவர்கள் எல்லோரும் வர வேண்டும்.

அத்தை, எல்லோர் முன்னாலும் கேட்கிறேன். என் அம்மாவுக்குச் சித்தம் கலங்கியிருந்ததா, இல்லையா? பதில் சொல்லுங்கள்.